ஹவுஸ் சர்ஜன்களுக்கு நோயாளிகளிடம் பேசச் சொல்லிக்கொடுக்க முடியுமா, அது கூடவே பிறக்கும் குணமா?

சொல்லிக்கொடுக்க முடியும். கோத்தகிரிப் பக்கம் ஹவுஸ் சர்ஜன்களோடு, அதாவது எம்பிபிஎஸ் முடித்துப் பயிற்சியில் இருக்கும் இளம் டாக்டர்களோடு, ஓபி பார்க்கிறேன். நானே இதைத் தாமதமாகக் கற்றவள்தான்.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, கொழுந்து பறிக்கும் ஒரு அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை எழுதினேன். "காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி போடுங்கம்மா, புரிஞ்சுதா?" "சரிங்க டாக்டரம்மா." சில நாள் கழித்து, தேயிலைச் செடிகளுக்கு நடுவே மயங்கி விழுந்தவரைத் தூக்கி வந்தார்கள். உடம்பெல்லாம் வியர்வை, பேச்சு குழறியது. குளூக்கோஸ் ஏற்றிக் கண் திறந்த பிறகுதான் பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தேன். காலை ஆறரைக்கு மாத்திரை, சர்க்கரை போடாத டீ, நேராகத் தோட்டம். கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு மதியம்தான் சோறு. மாத்திரை போட்டுவிட்டு இவ்வளவு நேரம் சாப்பிடாததால் சர்க்கரை இறங்கிவிட்டது. அவருக்குச் சாப்பாடு என்றால் அந்தச் சோறுதான். நான் சொன்னபடிதான் செய்திருக்கிறார். அவருடைய நாள் எப்படிப் போகிறது என்று கேட்காதது என் தவறு.

2019 முதல் எம்பிபிஎஸ் பாடத்திட்டத்திலேயே நோயாளியிடம் பேசுவது, நடந்துகொள்வது பற்றி 'ஏட்காம்' (AETCOM) என்று தனிப் பகுதி இருக்கிறது. மனதார வரவேற்கிறேன். ஆனால் வகுப்பில் நோயாளியாக நடிப்பவரும் பெரும்பாலும் இன்னொரு மாணவர்தான். மருத்துவம் தெரிந்தவருக்குப் புரியாமல் விழிப்பதை நடிக்க வராது. அது ஓபியில்தான் பழகும்.

அதனால் என்னோடு இருப்பவர்கள் "புரிஞ்சுதா?" என்று கேட்கக் கூடாது. டாக்டரிடம் புரியவில்லை என்று சொல்ல இங்கே யாருக்கும் வாய் வராது. படுகு, இருளம் பேசி வளர்ந்தவர்களுக்கு நம் தமிழே இரண்டாவது மொழி. "நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும். வீட்டுக்குப் போய் எப்படிப் போடுவீங்க, சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். அப்புறம், பதில் முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் கஷ்டம். நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 நொடியில் டாக்டர்கள் குறுக்கிடுகிறார்கள் என்று 1984இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது.

"வெளியே வரிசை நிக்குதே மேடம்" என்பார்கள். நியாயம்தான். ஆனால் இதற்கு ஒரு நிமிடம் போதும். சர்க்கரை இறங்கி வந்தவரை ராத்திரி முழுக்கப் பார்க்க வேண்டியிருக்கும்.

போன வாரம் ஒரு ஹவுஸ் சர்ஜன் தம்பி, கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்துவிட்டு இப்படிக் கேட்டான். "காலைல டீயோட போட்டுக்குவேன் சார்" என்றார் அவர். டீ இரும்புச் சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. "எத்தனை வேளை டீ குடிப்பீங்கம்மா?" என்று கேட்டு, சீட்டைத் திரும்ப வாங்கி, எந்த டீக்கும் இரண்டு மணி நேரம் தள்ளி வரும்படி நேரத்தை மாற்றி எழுதினான். எழுதி முடித்ததும், "இப்ப மறுபடி சொல்லுங்கம்மா" என்றான்.