சாலையில் ஓடியவர்கள் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விளையாட்டு மரபு பற்றிய உங்கள் கட்டுரையில், நல்ல அணி இரண்டு மூன்று தலைமுறை ஆடிப் பழகிய ஊரிலிருந்தே வரும் என்று எழுதியிருந்தீர்கள். நாங்கள் சிகாகோவின் புறநகரில் வசிக்கிறோம். பக்கத்தில் எவன்ஸ்டனில் உள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் பெண்கள் லாக்ராஸ் அணி, சாலையில் ஓடிக்கொண்டிருந்த மாணவிகளை அழைத்துவந்து சாம்பியன் ஆனது என்கிறார்கள். அப்படியென்றால் மரபு எதற்கு? என் மகள் இந்த வருடம், ஒன்பதாம் வகுப்பில்தான், லாக்ராஸ் ஆடத் தொடங்கியிருக்கிறாள். கல்லூரி அணி என்பதெல்லாம் இனி அவளுக்குச் சாத்தியமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஓடிய மாணவிகளின் கதை உண்மைதான். ஆனால் அதை மட்டும் சொன்னால் மாயாஜாலம் போல ஆகிவிடும்.

வலைப்பை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து, சுமந்து, வீசும் இந்த ஆட்டம் வட அமெரிக்கப் பூர்வகுடிகளுடையது. பெண்கள் ஆட்டம் மட்டும் சுற்றுவழியில் வந்தது. 1890இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் லெனார்ட்ஸ் பள்ளியில் தொடங்கி, அங்கே படித்த ரோசபெல் சின்க்ளேர் மூலமாக 1926இல் பால்டிமோரின் பிரின் மார் பள்ளியில் வேரூன்றியது. அதைச் சுற்றிய கிழக்கு மாநிலங்களில்தான் பள்ளிதோறும் பரவியது. தேசியக் கல்லூரி சாம்பியன் போட்டி 1982இல் தொடங்கியதிலிருந்து 2004 வரை கோப்பை அந்தப் பக்கத்தைத் தாண்டவே இல்லை.

நார்த்வெஸ்டர்ன் அதே 1982இல் ஓர் அணியை வைத்துப் பார்த்தது. பத்து வருடத்தில் கலைத்துவிட்டது. மீண்டும் தொடங்க முடிவு செய்து 2000இல் அவர்கள் நியமித்த பயிற்சியாளர் கெல்லி அமோன்டே ஹில்லர். மேரிலாண்ட் பல்கலைக்கழகம் 1995இலும் 1996இலும் கோப்பை வென்றபோது அதன் நட்சத்திர வீராங்கனை. புதிய அணி 2002இல் களமிறங்கியது.

கிழக்கில் தேர்ந்த பெண்கள் அவரை நம்பிக் கூட்டமாக வந்துவிடவில்லை. பெயர் தெரியாத அணிக்கு யார் வருவார்கள்? அதனால் வளாகத்திலேயே தேடினார். ஓடிக்கொண்டிருந்த இரட்டைச் சகோதரிகளை நிறுத்தி, ஆட வருகிறீர்களா என்று கேட்டார். இருவரும் அதுவரை லாக்ராஸ் ஆடியதே இல்லை. அவர்களிடம் அவர் பார்த்தது கால் வேகத்தை. மட்டையைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிடலாம், வேகத்தைக் கற்றுக்கொடுப்பது கடினம் என்பது அவருடைய கணக்கு. வேறு வழியில்லாதவரின் கணக்கு என்றும் சொல்லலாம்.

நான்காவது பருவத்தில், 2005இல், ஒரு தோல்வியும் இல்லாமல் கோப்பை. இறுதியில் வர்ஜீனியாவை 13–10 என்று வென்றார்கள். வெள்ளை மாளிகைக்கு அழைக்கப்பட்டபோது சிலர் ரப்பர் செருப்போடு போனதைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதிய அளவுக்கு அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதியிருக்குமா என்பது சந்தேகம். அதோடு நிற்கவில்லை. 2009 வரை தொடர்ந்து ஐந்து கோப்பைகள். அந்த ஐந்தாவது வருட இறுதி ஆட்டம் வட கரோலினாவுடன் 21–7.

ஆனால் அந்த ஐந்து வருட அணிகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 2006, 2007இல் நாட்டின் சிறந்த வீராங்கனைக்கான டெவாரட்டன் விருதை வாங்கிய கிறிஸ்டன் கெல்மன் மாசசூசெட்ஸ்காரர். 2008, 2009இல் அதை வாங்கிய ஹன்னா நீல்சன், லாக்ராஸில் பழம் தின்று கொட்டை போட்ட ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து வந்தவர். பயிற்சியாளர் மேரிலாண்டில் பழகியவர். இவர்கள் மரபோடு வந்து சேர்ந்தார்கள். ஓடி வந்தவர்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள். மரபு இல்லாமல் ஜெயித்தார்கள் என்று எனக்குப் படவில்லை. எவன்ஸ்டனில் இல்லாத ஒன்றை மூட்டைகட்டிக் கொண்டுவந்தார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது பிறகு வந்த வறட்சி. 2011, 2012இல் மேலும் இரண்டு கோப்பைகள், அப்புறம் பத்து வருடம் ஒன்றும் இல்லை. 2022 அரையிறுதியில் பெரிய முன்னிலையில் இருந்துவிட்டு, கடைசிக் கால்பகுதியில் வட கரோலினாவிடம் 15–14 என்று தோற்றார்கள். முழங்கால் காயத்தால் அந்தப் பருவம் முழுதும் வெளியே உட்கார்ந்திருந்த அணியின் முன்னணி வீராங்கனை இசி ஸ்கேன் அடுத்த வருடம் திரும்பினார். முதல் ஆட்டத்தில் சிரக்யூஸிடம் தோல்வி, பிறகு தொடர்ந்து 21 வெற்றிகள். இறுதியில் பாஸ்டன் கல்லூரியை 18–6 என்று நொறுக்கி எட்டாவது கோப்பை. அப்போதும் அதே பயிற்சியாளர். அந்தப் பத்து வருடத்தில் அவரை மாற்றாத நிர்வாகத்துக்கு அதில் பாதிப் பங்கு உண்டு.

உங்கள் மகளுக்கு: சாலையில் ஓடுபவரை நிறுத்தி அழைத்த காலம் பெரும்பாலும் போய்விட்டது. அதற்குப் பிறகு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே கல்லூரி அணிகள் இடம் பேசிவைக்கும் அளவுக்குப் போட்டி முற்றியது. 2017இல் அதற்குக் கடிவாளம் போட்டார்கள். கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவான முதல் நிலைக் கல்லூரிகளின் லாக்ராஸ் பயிற்சியாளர்கள் இப்போது பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1க்கு முன்பு மாணவியோடு அணியில் சேர்வது பற்றிப் பேசக்கூடாது. அவளுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. அதுவரை கூடைப்பந்தோ ஓட்டமோ ஆடிக்கொண்டிருந்தால் அதை விடவேண்டாம் என்று சொல்லுங்கள்.