இரட்டைக் குழந்தைகளும் மறுஅடகும்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன்; வயது 33. கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை, மாதம் 38,000 ரூபாய் கைக்கு வருகிறது. 14 மாதங்களுக்கு முன் இரட்டைப் பெண் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தனர். கோவை மருத்துவமனைச் செலவுக்காக மனைவியின் நகையைத் தனியார் நிதி நிறுவனத்தில் 20 சதவீத வட்டிக்கு அடகு வைத்து 2,40,000 ரூபாய் வாங்கினேன். தங்கம் விலை ஏறியபோதெல்லாம் அதே நகையைத் திருப்பி வைத்து, பெயர் சூட்டும் விழாவுக்கு 40,000, அக்காவின் கணவருக்கு 60,000, முதல் பிறந்தநாளுக்கு 70,000 என்று கூடுதலாக எடுத்தேன். இப்போது பழனியில் இருவருக்கும் காது குத்த இன்னும் 1,50,000 எடுக்கச் சொல்கின்றனர் வீட்டார். முகவர் ஒருவர் குழந்தைகளின் பெயரில் மாதம் மொத்தம் 5,000 ரூபாய்க்கு இரண்டு யூலிப் (காப்பீடும் முதலீடும் சேர்ந்தது) பாலிசிகள் போடச் சொல்கிறார். இரட்டைக் குழந்தைகள் எங்களைக் கடனாளி ஆக்கிவிடுமோ?

பதில்: உங்கள் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், குழந்தைகளுக்காக நீங்கள் பட்ட கடன் 2,40,000 ரூபாய்தான். இரட்டையரில் பாதிப் பேருக்கு மேல் 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறப்பதால், அந்தச் செலவை உங்களால் தவிர்த்திருக்க முடியாது. மீதி 1,70,000 ரூபாய், தங்கம் விலை ஏறியதை வருமானமாக எண்ணிச் செலவழித்தது. அந்தப் பழக்கம்தான் உங்களை அரித்துக்கொண்டிருக்கிறது. மொத்தக் கடன் 4,10,000 ரூபாய்க்கு இன்று மாதம் சுமார் 6,800 ரூபாய் வட்டி மட்டுமே கட்டுகிறீர்கள். அசலில் ஒரு ரூபாயும் குறையவில்லை. தங்கம் விலை சரிந்தால் ஈடுகட்டப் பணம் கேட்பார்கள், அல்லது நகையை ஏலம் விடுவார்கள்.

இரட்டைக் குழந்தைகளின் உண்மையான இடர் இனிமேல்தான் வருகிறது. மூத்தவளின் சட்டையும் புத்தகமும் இளையவளுக்கு ஆகும் என்ற வசதி உங்களுக்கு இல்லை. பள்ளிக் கட்டணமும் கல்லூரிக் கட்டணமும் இருவருக்கும் ஒரே மாதத்தில் வந்து நிற்கும். ஆனால் நான்கு ஆண்டு இடைவெளியில் இரு பிள்ளைகளைப் பெற்ற வீட்டில் தாய் இருமுறை வேலையை விட நேர்கிறது. உங்கள் மனைவிக்கு அது ஒருமுறையோடு முடிந்தது. குழந்தைகள் பள்ளி செல்லும் நாளில் அவர் வேலைக்குப் போக முடியுமானால், அந்தச் சம்பளம் எந்தப் பாலிசியையும்விடப் பெரிய சேமிப்பு.

எனவே, நகையில் ஒரு பகுதியை விற்று 2,00,000 ரூபாயைக் கட்டிவிடுங்கள். மனைவியின் மனம் நோகும் என்பது தெரியும், அவருடைய முழுச் சம்மதத்துடன் செய்யுங்கள். மீதிக் கடனைப் பொதுத்துறை வங்கிக்கு மாற்றினால் வட்டி ஏறக்குறைய பாதியாகும்; வங்கியே பழைய கடனைக் கட்டி நகையை மாற்றிக்கொள்ளும் வசதி சில கிளைகளில் உண்டு. 2,10,000 ரூபாய்க்கு 10 சதவீத வட்டி என்று வைத்து, இப்போது வட்டிக்குப் போகும் 6,800 ரூபாயோடு பாலிசிக்கு ஒதுக்க நினைத்த பணத்தில் 2,200 ரூபாயைச் சேர்த்து மாதம் 9,000 கட்டினால், இரண்டேகால் ஆண்டுக்குள் கடன் தீரும். குழந்தைகளுக்கு அப்போது மூன்றரை வயதுகூட ஆகியிருக்காது.

யூலிப் வேண்டாம். ஐந்து ஆண்டுகள் பணத்தை வெளியே எடுக்க முடியாது. மேலும் காப்பீடு தேவைப்படுவது சம்பாதிக்கும் உங்களுக்கே. மிச்சமிருக்கும் 2,800 ரூபாயில் உங்கள் பெயரில் 50 லட்சம் ரூபாய்க்கு டேர்ம் பாலிசி, அதாவது உயிருக்கு மட்டுமான காப்பீடு எடுத்துவிட்டு, மீதியை மருத்துவச் செலவுக்கென்று வங்கியில் சேர்த்து வையுங்கள். பெண் குழந்தைகளுக்கான அரசின் செல்வமகள் சேமிப்புத் திட்டம் நல்லதுதான். முதல் பிரசவத்தில் பிறந்த இரட்டைப் பெண்களுக்கு ஆளுக்கொரு கணக்கு தொடங்கலாம். ஆனால் 2024 ஜனவரியில் 8.2 சதவீதமாக உயர்த்தப்பட்ட அதன் வட்டிக்கு ஆசைப்பட்டு, 20 சதவீதக் கடனை விட்டுவைப்பது நஷ்டம். பத்து வயது நிறையும்வரை கணக்கு தொடங்கலாம் என்பதால், கடன் முடிந்த மாதமே தொடங்குங்கள்.

அக்காவின் கணவரிடம் 60,000 ரூபாயை மாதம் 5,000 வீதம் திருப்பித் தரச் சொல்லுங்கள். வட்டியை நீங்கள் சுமக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ரசீதைக் காட்டிப் பேசினால் சங்கடம் குறையும். காதுகுத்தைப் பழனியிலேயே வைத்துக்கொள்ளலாம். தாய்மாமனும் இரு வீட்டுப் பெரியவர்களும் மட்டும் போய், கையிலிருக்கும் பணத்துக்குள் முடித்து வாருங்கள். அடகுக் கடைக்கு இனி நகையை மீட்க மட்டும் போங்கள். அடுத்த வட்டித் தேதிக்கு முன்பே கடனை முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.