வீட்டில் கட்டும் காருக்கு ஷாஃப்ட், ஆக்சில், அடாப்டர் பிளேட்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, வேறொரு கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்க்க அடாப்டர் பிளேட் வெட்டினேன். எல்லா போல்ட்டும் சுலபமாக இறங்குகின்றன. மாட்டிவிடலாமா?

பதில்: இன்னும் வேண்டாம். போல்ட் இறுக்கிப் பிடிக்க மட்டும்தான், மையத்தைக் காப்பது டவல் பின் (இரண்டு பாகங்களையும் சரியான இடத்தில் நிறுத்தும் உருளை ஊசி). டயல் கேஜை (சிறு அசைவையும் முள்ளால் காட்டும் கருவி) ஃபிளைவீலில் நிறுத்தி, அதன் முனை பெல் ஹவுசிங்கின் (கியர்பாக்ஸின் முன்னால் எஞ்சினோடு சேரும் மணி வடிவக் கூடு) நடுத்துளை உள்விளிம்பைத் தொடும்படி வைத்து, கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். முள் 0.13 மி.மீ.க்கு மேல் ஆடினால் நான் மாட்டமாட்டேன். முள் காட்டுவதில் பாதிதான் உண்மையான விலகல், 0.4 ஆடினால் மையம் 0.2 தள்ளியிருக்கிறது. அதை ஆஃப்செட் டவல் பின் (மையம் தள்ளிச் செய்த பின்) போட்டுத் திருத்துங்கள். அப்படியே விட்டால், கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டைத் தாங்கும் பைலட் பேரிங்கும் இன்புட் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும்.

கேள்வி: ஆக்சில் தேவையைவிட 40 மி.மீ. நீளமாக இருக்கிறது. வெட்டி நடுவில் வெல்டிங் வைக்கலாமா?

பதில்: கூடாது. அது சூடுபதப்படுத்திய எஃகு. வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுக்கும், ஒட்டுக்குப் பக்கத்திலேயே முறியும். சரியான நீளத்தில் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன், பினியனை நானே செட் செய்யலாமா?

பதில்: முதல் தடவை என்றால், செய்து பழகியவர் பக்கத்தில் இருக்கட்டும்.

கேள்வி: புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியல் வரை ஒரே நேர்கோட்டில் வைத்துவிட்டேன். கோணம் பூஜ்யம். இதுதானே சிறந்தது?

பதில்: இல்லை. கோணமே இல்லாவிட்டால் யு-ஜாயிண்ட்டின் (ஷாஃப்ட் முனையில் கோணத்தோடு சுற்ற விடும் இணைப்பு) ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுந்தி, அதன் நடுவிலுள்ள சிலுவை வடிவ கிராஸில் தடம் பதித்துவிடும். 1 முதல் 3 டிகிரி வரை வையுங்கள்.

கேள்வி (அவரே): கோணம் இருந்தால் ஷாஃப்ட்டின் வேகம் ஏறி இறங்கும், அதிர்வு வரும் என்கிறார்களே?

பதில்: ஏறி இறங்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை. ஆனால் பின் ஜாயிண்ட்டும் அதே அளவு கோணத்தில் இருந்தால் முன்னது செய்ததை அது அழித்துவிடும். கியர்பாக்ஸ் அவுட்புட்டும் பினியனும் இணையாக இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். வண்டியின் எடை முழுவதும் சக்கரத்தில் இறங்கிய பிறகு அளவெடுங்கள். ஜாக்கியில் தூக்கி வைத்து அளந்தால் அந்தக் கணக்கு உதவாது.

கேள்வி (இன்னொருவர்): கோணம் இரண்டு பக்கமும் 2 டிகிரிதான். எனக்கு அதிர்வு வருகிறதே! அவர் சொல்வதுதான் சரி.

பதில்: ஷாஃப்ட்டின் இரண்டு முனை யோக்குகளும் (ஜாயிண்ட்டைப் பிடிக்கும் கவைகள்) ஒரே தளத்தில் இருக்கின்றனவா?

கேள்வி (அவரே): ஒன்றுக்கொன்று குறுக்காக, 90 டிகிரியில் வெல்டிங் ஆகியிருக்கிறது.

பதில்: அப்படியானால் கோணத்தின் மேல் பழி போடாதீர்கள். குறுக்காக இருந்தால் பின் ஜாயிண்ட் அழிப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடும். என் முதல் காரில் இந்தத் தவறு தெரியாமல் இரண்டு மாதம் கியர்பாக்ஸைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். லேத்தில் வெட்டி, யோக்கை நேராக்கி வெல்டிங் வைத்து, பேலன்ஸ் செய்யுங்கள். அப்புறம் சேஃப்டி லூப்பை (உடைந்தால் தாங்க, ஷாஃப்ட்டைச் சுற்றிப் போடும் வளையம்) மறக்க வேண்டாம்.

கேள்வி: ஆக்சிலுக்கு டிக் வெல்டிங் என்றால் பரவாயில்லையா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். எந்த வெல்டிங்கும் கூடாது.

கேள்வி: சாதாரணமாக ஓட்டும் வண்டிக்கு சேஃப்டி லூப் எதற்கு?

பதில்: முன் ஜாயிண்ட் உடைந்தால் ஷாஃப்ட்டின் முனை தரையில் குத்தி வண்டியின் பின்பக்கத்தையே தூக்கிவிடும். முன் ஜாயிண்ட்டிலிருந்து 150 மி.மீ.க்குள் லூப் இருக்கட்டும். தரைத் தகட்டில் வேண்டாம், சேசிஸில் போல்ட் போடுங்கள்.