மேமோகிராம் நார்மல்தான், ஆனால் மார்பகம் 'டென்ஸ்' என்கிறார்களே?

கேள்வி: எனக்கு வயது 46. மாதவிடாய் இன்னும் நிற்கவில்லை. முதல்முறையாக மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்தேன். ரிப்போர்ட்டில் புற்றுநோய் அறிகுறி எதுவும் இல்லை என்று இருக்கிறது. ஆனால் மார்பக அடர்த்தி 'சி' என்றும் போட்டிருக்கிறார்கள். இது நோயா? வேறு பரிசோதனை வேண்டுமா?

பதில்: நோய் இல்லை, பயப்படாதீர்கள். மார்பகத்தில் கொழுப்பு குறைவாகவும் பால் சுரப்பியும் நார்த்திசுவும் அதிகமாகவும் இருப்பதைத்தான் அப்படிக் குறிப்பிடுகிறார்கள். ஏ முதல் டி வரை நான்கு வகை உண்டு. சியும் டியும் அடர்த்தியானவை. மாதவிடாய் நிற்காத வயதில் இது மிகச் சாதாரணம். கையால் தொட்டுப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, படத்தில்தான் தெரியும்.

சிக்கலும் அந்தப் படத்தில்தான். மேமோகிராமில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும், சுரப்பித் திசு வெள்ளையாகத் தெரியும். புற்றுக்கட்டியும் வெள்ளைதான். அதனால் சிறிய கட்டி ஒன்று இருந்தாலும் மறைந்துபோகலாம். போதாக்குறைக்கு, அடர்த்தி அதிகமாக இருப்பதே புற்றுநோய் வாய்ப்பை ஓரளவு கூட்டுகிறது.

அமெரிக்காவின் கனெக்டிகட்டைச் சேர்ந்த நான்சி கபெல்லோவுக்கு இதுதான் நடந்தது. வருடம் தவறாமல் மேமோகிராம் எடுத்தவர். 2004-ல் 'நார்மல்' என்று ரிப்போர்ட் வந்த சில வாரங்களிலேயே மருத்துவரின் கையில் கட்டி தட்டுப்பட்டது. அதற்குள் நோய் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தது. தன் மார்பகம் அடர்த்தியானது என்று அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை. அவர் விடாமல் போராடியதால் 2009-ல் அந்த மாநிலத்தில், அடர்த்தியைப் பெண்ணிடம் தெரிவித்தே ஆகவேண்டும் என்று சட்டம் வந்தது. 2024 செப்டம்பர் முதல் அமெரிக்கா முழுவதுமே அதுதான் விதி. உங்கள் ரிப்போர்ட்டில் அந்த எழுத்தைக் குறிப்பிட்டிருப்பது நல்ல விஷயம். உங்கள் அக்கா தங்கையின் ரிப்போர்ட்டில் இல்லையென்றால் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

சரி, அடுத்து என்ன? ஜப்பானில் 40 முதல் 49 வயது வரையான சுமார் 73,000 பெண்களிடம் நடந்த ஆய்வில், மேமோகிராமோடு அல்ட்ராசவுண்டும் சேர்ந்தபோது புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் திறன் 77-லிருந்து 91 சதவீதமாக உயர்ந்தது. உங்கள் வயதுக்கும் 'சி' வகைக்கும் அதைத்தான் நான் சொல்வேன். கதிர்வீச்சு கிடையாது, செலவும் கட்டுப்படியாகும். 'டி' வகையாக இருந்தால் எம்.ஆர்.ஐ. பற்றி மருத்துவரிடம் பேச வேண்டியிருக்கும். நெதர்லாந்தில் 'டி' வகைப் பெண்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க அழைப்பு கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே திடீரென வெளிப்படும் புற்றுநோய் ஆயிரத்துக்கு 5 என்பதிலிருந்து 2.5 ஆகக் குறைந்தது. அம்மா வழியிலோ அப்பா வழியிலோ மார்பக, சினைப்பைப் புற்றுநோய் இருந்தால் அடர்த்தி எதுவானாலும் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்பா வழியைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

கூடுதல் பரிசோதனையில் ஒரு தொல்லையும் உண்டு. புற்றுநோயே இல்லாத இடத்தைச் சந்தேகப்பட்டு மறுபடி ஸ்கேன், பயாப்ஸி (திசுவைக் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பது) என்று அலைய நேரலாம். நெதர்லாந்து ஆய்வில் முதல் சுற்றில் ஆயிரத்தில் சுமார் 80 பேருக்கு அப்படி வீண் பதற்றம் ஏற்பட்டது. தெரிந்துகொண்டு போனால் அந்தச் சில நாட்களைத் தாங்கிக்கொள்ளலாம்.

அல்ட்ராசவுண்ட் எடுக்கிறோமே என்று மேமோகிராமை விட்டுவிடாதீர்கள். ஆரம்பநிலைப் புற்றுநோய் சில நேரம் வெறும் கால்சியத் துகள்களாகத்தான் தெரியும். அதை மேமோகிராம்தான் நன்றாகக் காட்டும். மார்பகத்தைப் பல கோணங்களில் படமெடுத்து அடுக்கடுக்காகக் காட்டும் 3டி மேமோகிராம் வசதி இருக்கும் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. மாதவிடாய் முடிந்த மறுவாரத்தில் போங்கள், வலி குறைவாக இருக்கும். அன்று அக்குளில் பவுடர் போடாதீர்கள், அதன் துகள்கூடப் படத்தில் கால்சியம் போலத் தெரிந்துவிடும். பழைய படங்களையும் சி.டி.யையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இடையில் கட்டியோ, தோலில் சுருக்கமோ, காம்பில் ரத்தக் கசிவோ தெரிந்தால் 'போன மாதம் நார்மல் என்றார்களே' என்று இருந்துவிடாமல் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.