சராசரி பெரிது, பொருத்தம் அரிது

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்துத் துணைப்பாட வகுப்பொன்றில் தொண்டூழியராக இருக்கிறேன். 100 மாணவரையும் 100 தொண்டூழியரையும் ஆளுக்கு ஒருவராக இணைக்க வேண்டும். நேரமும் இடமும் ஒத்துவரும் வாய்ப்பு ஒவ்வோர் இணைக்கும் 4% என்று கொண்டால், ஒருவரும் விடுபடாத நிறைவுப் பொருத்தங்களின் சராசரி எண்ணிக்கை, 15க்குப் பின் 17 பூஜ்யங்கள் என வருகிறது. ஆனால் ஆட்களைப் புள்ளிகளாகவும் ஒத்துவரும் இணைகளைக் கோடுகளாகவும் கொண்டு கணினியில் உருவாக்கிப் பார்த்த தற்செயல் கோட்டுருக்களில் பெரும்பாலும் ஒரு பொருத்தம்கூட அமையவில்லை. பிழை எங்கே?

வாசகி, ஈசூன்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கணக்கும் சரி, கணினி காட்டுவதும் சரி. மாணவரைத் தொண்டூழியருடன் இணைக்க 100! வழிகள் உண்டு, ஒரு வழியின் 100 கோடுகளும் ஒருங்கே அமையும் நிகழ்தகவு 0.04இன் 100ஆம் அடுக்கு. இரண்டையும் பெருக்கினால் நீங்கள் சொன்ன எண்ணே கிடைக்கும். ஆனால் அந்தச் சராசரியை வைத்து, பொருத்தம் இருக்கும் என்று முடிவுகட்ட இயலாது.

ஒரு மாணவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 100 தொண்டூழியரில் எவருமே அவருக்கு ஒத்துவராமல் போகும் நிகழ்தகவு 0.96இன் 100ஆம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 1.7%. இது சிறிய எண்தான். ஆயினும் இரு பக்கமும் சேர்ந்து 200 பேர் இருப்பதால், ஒரு கோடும் இல்லாமல் தனித்து நிற்போர் சராசரியாக 3.4 பேர். அப்படி ஒருவர்கூட இல்லாத கோட்டுரு 100இல் மூன்று அளவிலேயே அமையும். ஒருவர் தனித்து நின்றாலே பொருத்தங்களின் எண்ணிக்கை பூஜ்யமாகிவிடுகிறது. எஞ்சிய சில கோட்டுருக்களிலோ அது கோடி கோடியாகப் பெருகி, சராசரியை உயர்த்திவிடுகிறது.

எந்த மாணவர் குழுவை எடுத்தாலும், அவர்களுள் ஒருவருக்கேனும் ஒத்துவரும் தொண்டூழியரின் எண்ணிக்கை அக்குழுவின் எண்ணிக்கைக்குக் குறையாதிருந்தால் நிறைவுப் பொருத்தம் உண்டு என்று 1935இல் கணிதவியலர் பிலிப் ஹால் நிறுவினார். 100 மாணவரில் அமையக்கூடிய குழுக்கள் 2இன் 100ஆம் அடுக்கு; தடை அவற்றுள் எதிலும் ஒளிந்திருக்கலாம். ஆனால் தற்செயல் கோட்டுரு பெரிதாகும்போது, தனித்து நிற்கும் ஒற்றைப் புள்ளியே நடைமுறையில் ஒரே தடை என்று கணிதவியலர் ஏர்டோசும் ரென்யியும் 1964இல் காட்டினர். எத்தனை முறை படித்தாலும் என்னை வியக்கவைக்கும் தேற்றம் இது. இதன்படி, ஒரு பக்கத்து ஆட்களின் எண்ணிக்கை n எனில், ஆளுக்குச் சராசரியாக n இன் இயல்மடக்கை (natural logarithm) அளவு கோடுகள் இருக்கும் இடமே, பொருத்தம் அரிதாக இருப்பதிலிருந்து ஏறத்தாழ உறுதியாவதற்கு மாறும் வாசல். 100க்கு அது 4.6, உங்கள் 4 அதற்குக் கீழே நிற்கிறது. வாய்ப்பை 10% ஆக உயர்த்தினால், தனித்து நிற்போரின் சராசரி 0.005 ஆகக் குறைந்துவிடும்.

அதற்காக எல்லாரையும் கூடுதல் நேரம் ஒதுக்கச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு மாணவரும் இரு தொண்டூழியரையும், ஒவ்வொரு தொண்டூழியரும் இரு மாணவரையும் தற்செயலாகத் தேர்ந்தால், n பெரிதாகும்போது நிறைவுப் பொருத்தம் இருக்கும் நிகழ்தகவு 1ஐ நோக்கிச் செல்லும் என்று வாக்கப் (Walkup) என்ற ஆய்வாளர் 1980இல் நிறுவினார். அங்கும், உங்கள் 4% கணக்கில் போலவே, மொத்தக் கோடுகள் ஏறத்தாழ 400தான். மாணவர் மட்டும் தேர்ந்தால் இது நடக்காது. எவராலும் தேரப்படாத தொண்டூழியர் எஞ்சிவிடுவர்.

உண்மையான விருப்பங்கள் தற்செயலானவை அல்ல. பலரும் சனிக்கிழமைக் காலையையே கேட்பர். ஆகவே பட்டியல் கைக்கு வந்ததும் கூடியவரை அதிகம் பேரை இணைக்கும் பெரும் பொருத்தத்தைக் கண்டறிய, 1973இல் வெளிவந்த ஹாப்கிராஃப்ட்–கார்ப் வழிமுறையை அதில் ஓட்டுங்கள். நிறைவுப் பொருத்தம் இல்லையெனில், அது தரும் பெரும் பொருத்தத்தில் விடுபட்ட மாணவர் ஒருவரிடம் தொடங்கி, பொருத்தத்தில் சேராத கோடு, சேர்ந்த கோடு என மாறி மாறிச் சென்று எட்டக்கூடிய மாணவரைத் திரட்டினால், ஹாலின் நிபந்தனையை மீறும் குழு எது என்று தெரிந்துவிடும். கூடுதல் நேரத்தை அவர்களிடம் மட்டும் கேட்டால் போதும்.