நெரிசலும் குரோமோசோமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழ ஈக்களில் ஒரே குரோமோசோம் வடிவம் ஒரு சூழலில் பெருகி இன்னொரு சூழலில் அருகுவதாக எழுதியிருந்தீர்கள். உணவுக்கு நெரிசல் ஏற்பட்டால் ஈக்களின் புழுக்கள் எல்லாமே ஒன்றுபோலத்தானே வாடும்? அதில் குரோமோசோமுக்கு என்ன பங்கு?

எம்.

அன்புள்ள எம்.,

எல்லாம் வாடும் என்பது சரி. ஒன்றுபோல வாடும் என்பதில்தான் வேறுபடுகிறேன்.

வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும் டிரோசோஃபிலா சூடோஅப்ஸ்கூரா என்னும் பழ ஈயின் மூன்றாவது குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழைகளுள் ஒன்று), ஏதேனும் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பிய பல வடிவங்களில் காணப்படுகிறது. புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் குரோமோசோம்கள் மிகப் பெரிதாக இருப்பதால், அவற்றின் பட்டைகளை நுண்ணோக்கியில் பார்த்தே வடிவத்தைச் சொல்லிவிடலாம். திரும்பிய துண்டிலுள்ள மரபணுக்கள் பெரும்பாலும் கலைந்து மறுசேர்க்கை அடையாமல் ஒரு தொகுதியாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன. ஆகவே நெரிசல் தேர்ந்தெடுப்பது ஒற்றை மரபணுவை அல்ல, அந்தத் தொகுதியை.

தெற்குக் கலிஃபோர்னியாவின் சான் ஹசின்டோ மலையில் ஈக்களைப் பிடித்து எண்ணிவந்த மரபியலாளர் தியோடோசியஸ் டாப்ஷான்ஸ்கி, வசந்த காலத்தில் 'ஸ்டாண்டர்ட்' வடிவம் குறைந்து 'சிரிகாவா' கூடுவதையும், கோடையில் அது நேர்மாறாகிவிடுவதையும் கண்டார். அவரும் சீவல் ரைட்டும் 1946இல் வெளியிட்ட ஆய்வில், 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கூண்டில் வளர்ந்த ஈக்களிடையே ஸ்டாண்டர்ட் ஏறத்தாழ 70 விழுக்காடு வரை ஏறி அங்கேயே நின்றது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து மற்றொன்றுமாக இரு வடிவங்களையும் பெற்ற ஈக்களே மேம்பட்டவை என்பதால் சிரிகாவா அழியவில்லை. ஆனால் இரு வடிவங்களும் வெவ்வேறு ஊர்களிலிருந்து எடுக்கப்பட்டவையாக இருந்தால் இந்த மேம்பாடு மறைந்துவிடுகிறது. ஒரு குரோமோசோமின் தகுதி அதன் இணையைப் பொறுத்தும் அமைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

உங்கள் கேள்விக்கு நேரான விடை, எல். சி. பிர்ச் 1955இல் வெளியிட்ட சோதனையில் உள்ளது. புழுக்கள் நெருக்கியடித்து வளர்ந்தபோது ஸ்டாண்டர்டும், தாராளமாக வளர்ந்தபோது சிரிகாவாவும் பெருகின. மலையில் கண்ட பருவ மாற்றத்துக்கு இதுவே காரணம் என்று சொல்ல ஆசை எழுகிறது. ஆனால் வெப்பநிலையும் கூடவே மாறுகிறதே, மலை ஒன்றும் ஆய்வகக் குடுவை அல்லவே.

நெரிசல் எல்லாப் புழுக்களையும் கண்மூடித்தனமாக வீழ்த்துவதும் இல்லை. உணவு குறைவதோடு புழுக்களின் கழிவிலிருந்து அம்மோனியாவும் சேர்கிறது. தப்பிப் பிழைப்பவையும் சிறுத்த ஈக்களாகவே வெளிவருகின்றன. லாரன்ஸ் முல்லரும் பிரான்சிஸ்கோ அயாலாவும் டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் என்னும் இன்னொரு பழ ஈயைத் தலைமுறை தலைமுறையாக நெரிசலிலும் நெரிசலின்றியும் வளர்த்து, 1981இல் முடிவை வெளியிட்டார்கள். நெரிசலில் வளர்ந்த வம்சம் நெரிசலில் மேலாகவும், தாராளமான இடத்தில் கீழாகவும் பெருகியது. அந்த வம்சத்தின் புழுக்கள் விரைந்து உண்பதும், ஈரமான உணவை விட்டு உயரே ஏறிக் கூட்டுப்புழுவாவதும் பின்னர் தெரியவந்தது. எனினும் விரைந்து உண்பது மட்டுமே வழி என்று கொள்ள வேண்டாம்: பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் அமிதாப் ஜோஷியின் குழுவினர் வேறு ஈ இனங்களை நெரிசலில் வளர்த்தபோது, அவை உண்ணும் வேகத்தைக் கூட்டாமலே, விரைவில் வளர்ந்து முடிப்பதன் மூலம் நெரிசலைச் சமாளித்தன.