அட்லாண்டாவில் ஐஸ் டீ ஏன் இப்படித் தித்திக்கிறது?

கேள்வி: நியூ ஜெர்சியிலிருந்து அட்லாண்டாவுக்குக் குடிவந்திருக்கிறோம். அங்கே ஐஸ் டீ கேட்டால் சர்க்கரை போடாமல்தான் தருவார்கள். இங்கே உணவகத்தில் வாங்கினால் ஒரே தித்திப்பு. பாட்டிலில் வாங்கினாலும் அப்படித்தான். என் கணவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– வாசகி, அட்லாண்டா

பதில்: உணவகத்தின் மீது தவறில்லை, அம்மா. ஜார்ஜியா, அலபாமா, தென் கரோலினா பக்கம் வெறுமனே 'டீ' என்று கேட்டால் சர்க்கரை கரைத்து ஆறவைத்த டீதான் வரும். ஐஸ் டீ விற்கும் உணவகம் எதுவும் இனிப்பு டீயும் வைத்திருக்க வேண்டும் என்று 2003-இல் ஜார்ஜியா சட்டமன்றத்தில், முட்டாள்கள் தினத்தை ஒட்டி விளையாட்டாக, ஒரு மசோதாவே கொண்டுவந்தார்கள். அவ்வளவு பற்று!

தெற்கே டீ சூடாக இருக்கும்போதே சர்க்கரையைக் கொட்டிக் கரைத்துவிடுகிறார்கள். ஒரு கேலனுக்கு, அதாவது 3.8 லிட்டருக்கு, ஒரு கப் சர்க்கரை என்பது சாதாரணம். இரண்டு கப் போடும் வீடுகளும் உண்டு. இரண்டு கப் என்றால் 240 மி.லி. டம்ளருக்கு ஏறக்குறைய 25 கிராம், ஆறு தேக்கரண்டி. குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகவே தெரியும் என்பதால், குடிக்கும்போது அவ்வளவு இருப்பதாகத் தோன்றாது. ஐஸ் போடாமல் வெளியே வைத்திருந்த டீயை ஒரு வாய் குடித்துப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும். வடக்கே குளிர்ந்த டீயோடு சர்க்கரைப் பொட்டலத்தைத் தனியாகத் தருகிறார்கள். அது சீக்கிரம் கரையாமல் அடியில் தங்கிவிடும்.

இனி 'அன்ஸ்வீட்', அதாவது சர்க்கரை போடாதது, என்று சொல்லிக் கேளுங்கள். டம்ளரை மீண்டும் நிரப்ப வரும்போதும் மறக்காமல் சொல்லுங்கள். இனிப்பு டீ ஜாடியிலும் அன்ஸ்வீட் ஜாடியிலும் டீ ஒரே நிறம்தான். இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்து தருவதும் உண்டு. உங்களுக்கு அது சரி, கணவருக்கு வேண்டாம்.

பாட்டிலில் முன்பக்க எழுத்தை நம்பாதீர்கள். 'லேசான இனிப்பு' என்ற பொருளில் போடும் வாசகங்களுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எந்த அளவையும் வரையறுக்கவில்லை. பின்பக்க அட்டவணையில் 'ஆடட் சுகர்ஸ்' (சேர்த்த சர்க்கரை) வரியைப் பாருங்கள்; 4 கிராம் ஒரு தேக்கரண்டி. அந்தக் கணக்கு முழு பாட்டிலுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்பதையும் பார்த்துவிடுங்கள். 'டயட்', 'ஜீரோ சுகர்' என்பவற்றில் பெரும்பாலும் வேறு இனிப்பூட்டி இருக்கும். 'அன்ஸ்வீட்டன்ட்' என்று போட்டிருப்பதுதான் நீங்கள் தேடும் டீ.

என்னைக் கேட்டால் பாட்டிலே வேண்டாம். ஜாடி அளவுக்கு என்றே பெரிய டீ பைகள் அங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும். சர்க்கரை இல்லாமல் டீ போட்டுக் குளிரவையுங்கள். சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் சூடாக்கிக் கரைத்த பாகு தனியாக ஒரு புட்டியில் இருக்கட்டும். அவரவர் டம்ளரில் அவரவருக்கு வேண்டிய அளவு ஊற்றிக்கொள்ளலாம். குளிர்ந்த டீயிலும் பாகு உடனே கலந்துவிடும்.